நாற்பத்தொன்றாவது தாள்

திண்டிவனத்தில் பதினோராம் வகுப்புக்குப் புள்ளியியல் எடுக்கும் ஜெகதீசனின் அட்டவணை கடைசி வரியில் முரண்டு பிடித்தது. வகுப்பில் நாற்பது பேர். மதிப்பெண் வாரியாகத் தலைகளைக் கூட்டிக்கொண்டே வந்தால், குவிவு நிகழ்வெண் நாற்பத்தொன்றில் போய் நின்றது.

அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், விடைத்தாள்களைத் திருத்திப் பட்டியல் எழுதியது மனைவி கலைமதி. விழுப்புரத்தில் அவளும் அதே பாடத்துக்கு டீச்சர்தான்.

"கலை, ஒரு ஆளு கூடுதலா இருக்கே?"

"கட்டுல நாப்பத்தியோரு பேப்பர் இருந்துச்சுங்க. ஒண்ணுல பேரில்ல. முப்பத்தியோரு மார்க்."

"ஃபெயிலானதும் அது ஒண்ணுதான். எவன் அவன்?"

"தெரியல. குவிவு சதவீதம் நூத்தி ரெண்டரைன்னு போட்டு வெச்சிருக்கு."

"நூறைத் தாண்டுமா சதவீதம்? நாளைக்கு அப்பனைக் கூட்டிக்கினு வந்தாத்தான் கிளாஸுக்குள்ளயே விடுவேன்."

"அது சரி, நீங்க விடைக்குறிப்பு குடுக்கவே இல்லியே? ஒவ்வொரு கணக்கையும் நானே போட்டுப் பார்த்துத்தான் திருத்தினேன்."

"குடுத்தேனே! என் கையாலயே எழுதி, கட்டுக்கு அடியில வெச்சேன்."

கலைமதி கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். ஜெகதீசன் தன் கையெழுத்தைப் பார்த்தார். அதன் தலையில் சிவப்பு மையில் இருந்த முப்பத்தொன்றையும் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து, அட்டவணையில் நாற்பத்தொன்றை அழித்து நாற்பது என்று எழுதினார்.

"தேர்ச்சி நூறு சதவீதம்" என்றார்.

"சரிங்க. கூட்டேரிப்பட்டுக்குப் போன் போட்டு, உங்கப்பாவை நாளைக்கு ஸ்கூலுக்கு வரச் சொல்லட்டுங்களா?"