நான்கு வினாடி

மூன்று மணி வெயில் மேசையில் பாதியோடு நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்காரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வாசித்த பதிவுகளைக் கேட்டு, அவர்கள் தப்பாக வாசித்த சொற்களைத் தாளில் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டிருக்கிறாள். வாசிக்க வைப்பவர் உதவக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது என்பது விதி. அதை எழுதியவளும், பதிவு செய்த அன்று பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளும் இவளேதான். இருபத்தேழாவது சிறுமி திக்கித் திணறி ஒரு பத்தியைக் கரைசேர்த்துவிட்டு, “சரியாப் படிச்சேனாக்கா?” என்கிறாள். நான்கு வினாடிக்குப் பதிவில் நாற்காலி மட்டும் கிரீச்சிடுகிறது. ஆராய்ச்சிக்காரி பென்சிலைக் கீழே வைக்கிறாள். “நல்லாவே படிச்சடி கண்ணு,” என்று காலி அறையில் வாய்விட்டுச் சொல்கிறாள். அதற்குள் காதில் அவளுடைய குரலே, யாரோ போல, “போதும், நீ போலாம். அடுத்த பிள்ளைய வரச்சொல்லு,” என்கிறது.