பின் அட்டைக் கறை

வாராவாரம் பேராலய நூலகத்துக்கு வந்து, அதே பழைய லத்தீன் ஜெபப் புத்தகத்தைக் கேட்டு வாங்கும் அம்மாள் மீது நூலகருக்குத் தனி மரியாதை.

"அடுத்த வாரம் இது இருக்காதும்மா. சுத்தம் பண்ணக் கொடுக்கறோம். பைண்டு பண்ணினவன் எவனோ பசைக்கையைப் பின் அட்டையில வெச்சுத் தொலைச்சிருக்கான். லத்தீனைக் கரைச்சுக் குடிச்ச உங்களுக்கு இது உறுத்தலையா?"

"எனக்கு லத்தீன் தெரியாதுப்பா."

"அப்போ இத்தனை நாளா என்னத்தைப் படிச்சீங்க?"

அம்மாள் பின் அட்டையைத் திறந்து, காய்ந்த பசையில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகை மேல் தன் விரலை வைத்தார்.

"என் வீட்டுக்காரரோடது. அவர் போய் ஆறு வருஷமாச்சு. இது பதிஞ்ச அன்னிக்கு மனுஷன் சாப்பிடவே இல்ல. 'போனாப் போகுது, இதையெல்லாம் யாரு பார்க்கப் போறா'ன்னு நான்தான் தேத்தினேன்."

சுத்தம் செய்யும் பட்டியலிலிருந்து அந்தப் புத்தகத்தின் பெயரை நூலகர் சத்தமில்லாமல் அடித்து நீக்கினார்.