ஆமைக்கு வந்த நிரந்தரப் பதவி

பஞ்சத்தில் கடன்பட்டு நொடித்துப்போன விலங்குகளின் வழக்குகளைக் கேட்க, சிங்கராஜா ஆமையைத் தற்காலிக நீதிபதியாக்கினார். பஞ்சம் தீர்ந்தது, வழக்குகள் தீரவில்லை. கோடைதோறும் பதவிக்காலத்தை நீட்டினார்கள். இந்த வருஷத்தோடு குளத்துக்குப் போய்விடலாம் என்று ஆமையும் கோடைதோறும் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் அரண்மனையிலிருந்து நரி மாலையோடு ஓடிவந்தது. “ஐயா, உங்க பதவியை நிரந்தரமாக்கிட்டாங்க!” என்று சொல்லி ஆமையின் கழுத்தில் போட்டது.

வாங்கிய தானியத்துக்காகக் கூட்டையே இழக்கவிருந்த ஓர் அணில், குட்டிகளோடு வரிசையின் முன்னால் நின்றது.

“அப்போ எங்களை மாதிரி ஆளுங்க இனிமே வந்துக்கிட்டேதான் இருப்பாங்களா, ஐயா?” என்று கேட்டது.

ஆமை மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது.

“உட்காரும்மா,” என்றது. “பிள்ளைங்க ஏதாவது சாப்பிட்டாங்களா?”