கூண்டுக்குள் ஒரு காலுறை

விலங்குக் காப்பகத்தின் பின்னறையில், கம்பிகளின் நிழல் கூண்டுப் பூனையின் முதுகில் வரிவரியாக விழுகிறது. கூண்டில் தொங்கும் அட்டையில் 'ஃபெரல்' என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதப்பட்ட பூனையை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. "அது லத்தீன் 'ஃபெரஸ்'லேர்ந்து வந்தது, காட்டுத்தனமானதுன்னு அர்த்தம்," என்கிறாள், அதை வளர்க்கக் கேட்டு வந்திருக்கும் லத்தீன் ஆசிரியை. "கிரேக்கத்துல அதுக்கு 'தேர்'னு ஒரு பங்காளி, ரஷ்ய மொழியில 'ஸ்வேர்'. ரெண்டும் மிருகம்னுதான் சொல்லுது, ஆகாததுன்னு சொல்லலை." "சொந்தபந்தம் எல்லாம் விசாரிச்சீங்க, பொண்ணு கடிக்குமான்னு கேக்கலையே டீச்சர்," என்கிறாள் காப்பகத்து அக்கா. அட்டையைவிட அவள் நம்புவது காலுறையை. கேட்டு வருபவர் போட்டிருக்கும் காலுறையைக் கூண்டுக்குள் வைப்பாள். பூனை அதன்மேல் படுத்தால் அட்டையை மாற்றி எழுதுவாள். ஆசிரியை நின்றபடியே ஷூவைக் கழற்றிச் சாம்பல் நிறக் காலுறை ஒன்றை நீட்டுகிறாள். பூனை உறுமிக்கொண்டே அதை இழுத்து, காலுறையின் குதிகால் பகுதியைக் கிழிக்கிறது. "பாத்தீங்களா?" "பாத்துட்டுதான் இருக்கேன். அவசரப்படாதீங்கக்கா." வெளியே ஒரு வாளி உருண்டு நிற்கிறது. கிழித்ததைப் பூனை பாதங்களால் மிதித்து மிதித்துச் சமன்செய்து, அதன்மேல் சுருண்டு படுக்கிறது. உறுமலை மட்டும் நிறுத்தவில்லை. அக்கா பேனாவைத் தேடியபடியே சொல்கிறாள்: "அந்தக் கால்ல இருக்கறதையும் கழட்டுங்க டீச்சர். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இவளுக்குக் கிழிக்க ஏதாவது வேணும்."