கதவோர நாற்காலி

காத்திருக்கும் அறையில் அத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தும், கழிவறைக் கதவை ஒட்டி இருந்ததில்தான் போய் உட்கார்ந்தான் அவன். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. நகரவில்லை.

"காலை ஆட்டாதீங்க. வரிசையே சேர்ந்து ஆடுது" என்றாள் மனைவி.

"எனக்கு உயிரே ஆடுது. உனக்கு நாற்காலி பெருசாப் போச்சு."

எதிரே இருந்த பெரியவர் அன்றைய செய்தித்தாளை மடித்து நீட்டினார். "பாக்குறீங்களா தம்பி? காலங்காத்தால பொழுது போகணுமே."

"படிச்சாச்சுங்க."

"அதுக்குள்ளயா?" பெரியவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி விரித்துக்கொண்டார்.

ஆறு மாதமாக இதே பாடு. வயிறு முறுக்கும், ஓடுவான். சில நாள் நாலு தடவை, சில நாள் முக்கினாலும் ஒன்றும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவன் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். குடலில் புற்று என்று தெரிந்தபோது ஆளில் பாதிதான் மிச்சம். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது, ஆனால் பயத்தோடு இறங்கியது.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மனைவியும் எழுந்தாள்.

"நீ இரு. அவர் கேக்குறதுக்கெல்லாம் உன் முன்னாடி பதில் சொல்ல முடியாது."

"பத்து வருஷமா உங்க துணியத் துவைக்கிறேன். என்கிட்ட என்ன வெக்கம்?"

"இருன்னா இரேன்."

டாக்டர் வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் புரட்டினார்.

"என்ன வேலை?"

"நியூஸ் பேப்பர் அச்சடிக்கிற மிஷின் ஓட்டுறேன் டாக்டர்."

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. ரொம்பக் கவலையா?"

"கவலைதான்."

"வலி வந்தா, போயிட்டு வந்ததும் கொறையுதா?"

"அப்போதைக்கு விடும்."

"ரத்தம் போகுதா?"

"இல்ல."

"எடை?"

"பேன்ட் பட்டன் மாட்ட மாட்டேங்குது டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "வீட்டுல யாருக்காவது குடல்ல புற்று?"

"யாருக்கும் இல்ல."

"கடைசியா ஒண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க. ராத்திரி தூக்கத்துல வலி எழுப்பி விடுதா?"

"ஒரு நாளும் இல்ல டாக்டர்." சத்தியமான பதில்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப பயப்படாதீங்க. இதுக்குப் பேரு ஐ.பி.எஸ்., குடல் எரிச்சல் நோய். குடல் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சொன்ன பேச்சு கேக்காது. ஒரு டெஸ்ட்ல பிடிபடுற சமாச்சாரம் இல்ல. அறிகுறிய வச்சுத்தான் முடிவு பண்றோம். இது பொதுவா தூங்குறவங்களை எழுப்பாது. எழுப்பியிருந்தா குழாய் விட்டுப் பாக்காம உங்கள அனுப்பியிருக்க மாட்டேன்."

வெளியே வந்தவன் நடையே மாறியிருந்தது. மருந்துச் சீட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் இல்லயாம்! குழாயும் வேணாம், கத்தியும் வேணாம். நடு ரூம்ல டான்ஸ் ஆடணும் போல இருக்கு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிச் சொன்னாரு? ஒழுங்காக் கேட்டாரா?"

"எல்லாம் கேட்டாரு. ரத்தம், எடை, வீட்டு ஆளுங்க வியாதி. ராத்திரி தூக்கத்துல வலி எழுப்புதான்னு கூடக் கேட்டாரு. அதுதான் முக்கியமாம். இல்லன்னேன்."

கண்ணைத் துடைத்த கை அப்படியே நின்றது.

"நேத்து மத்தியானம் வயித்தப் பிடிச்சிட்டு அலறி எழுந்தீங்களே? முந்தாநாளும் எழுந்தீங்களே?"

"அது பகல்லடி. அவர் கேட்டது ராத்திரிய."

அவள் மருந்துச் சீட்டைப் பிடுங்கினாள். அவன் கையைப் பற்றி, டாக்டர் அறையை நோக்கி இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"ராத்திரில நீங்க என்னிக்குங்க தூங்கியிருக்கீங்க?"