வேலி வெட்டும் மெஷின்

கடை மேசையில் வேலி வெட்டும் மெஷின்கள் மூன்று இருக்கின்றன. ஹவ்வா எதையும் தொடாமல் நிற்கிறாள். போன மாதம் வீட்டுச் செடிவேலியை வெட்டும்போது மெஷினின் வயரும் வெட்டுப்பட்டு, அவள் கணவன் றினோஸைக் கரண்ட் பிடித்துக்கொண்டது. பிழைத்துவிட்டான், ஆனால் கைக்கு இன்னும் தெம்பு வரவில்லை. வேலியோ பிள்ளை தூங்கும் அறையின் ஜன்னல்வரை வளர்ந்துவிட்டது. நேற்று அதிலிருந்து ஒரு நாகம் இறங்கியது. கடைக்காரர் தயாபரன் மிகச் சிறிய மெஷினை எடுத்து நீட்டுகிறார். “இதுக்கு வயர் இல்ல தங்கச்சி, பேட்டரிதான். ரெண்டு கிலோகூட வராது, பயப்படாம புடிங்க.” கையில் வாங்குகிறாள். உள்ளங்கை வேர்வையில் பிடி வழுக்குகிறது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் இரும்புப் பற்கள் மினுங்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்துகிறாள். பற்கள் இரைந்து ஓடுகின்றன.

“விடு ஹவ்வா! கைய விடு!” உள்ளே வராமல் கடை வாசலிலேயே நின்ற றினோஸ் அலறியபடி ஓடிவருகிறான். ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றுவிடுகிறான். அவளைத் தொட அவனுக்குப் பயம். கரண்ட் பிடித்த அன்றைக்கு அவளும் அவனைத் தொடப் பயந்து இப்படித்தான் நின்றாள். அதை இன்றுவரை அவள் அவனிடம் சொன்னதில்லை. ஹவ்வா சுவிட்சை விடுகிறாள். பற்கள் நிற்கின்றன. “ஒண்ணும் இல்லங்க, தொட்டுப் பாருங்க” என்று கையை நீட்டுகிறாள். றினோஸ் அவள் விரல் நுனியை மட்டும் தொடுகிறான்.