தோற்றவர்களின் ரோலர்

அந்த ஊர் ஹாக்கி லீக்கில் தோற்ற அணிதான் ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு ரோலர் இழுக்க வேண்டும். ஹாக்கி ஆடுவதற்கென்றே ஆட்களை வேலைக்கு எடுத்திருந்த பஞ்சாலையின் அணி, அந்த வருடம் அதுவரை ஆடிய பதினேழு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. மற்ற அணிகள் முனகிக்கொண்டு செய்யும் வேலையை அவர்கள் ஒரு நாளும் அரைகுறையாக விட்டதில்லை. வாங்கிய கோல்களின் தடம் ஒன்றுகூட மிஞ்சாமல், செம்மண் தரை சிமெண்டு பூசியதுபோல் ஆகும்வரை இழுத்தார்கள். கேப்டன் பிச்சையாவின் உள்ளங்கையில் மட்டை பிடித்த காய்ப்பைவிடக் கயிறு பிடித்த காய்ப்பு தடித்துப்போயிருந்தது.

பதினெட்டாவது, கடைசி ஆட்டம். முடிவு விசில் ஊதியதும் பதினோரு பேரும் வழக்கம்போல் போய் ரோலர் கயிற்றைப் பிடித்தார்கள். பாதி மைதானம் முடிந்தபோது எதிரணிக் கேப்டன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, நீங்க ஏன் இழுக்கீய? இன்னைக்குத் தோத்தது நாங்கல்லா!"

கயிறு தொய்ந்தது. எல்லோரும் ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்று, பூஜ்யம். அந்த ஒன்று அவர்களுடையது.

பிச்சையா பலகையைப் பார்க்கவில்லை. ரோலர் இன்னும் போகாத பாதியில், கோலுக்கு எதிரே, அந்த ஒரு கோலை அடித்தபோது அவனுடைய மட்டை மண்ணைச் சீவிய கீறல் அப்படியே கிடந்தது.

"குடுங்க, மீதிய நாங்க இழுக்கோம்" என்று எதிரணிக் கேப்டன் கை நீட்டினான்.

பிச்சையா கயிற்றைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"இன்னைக்கு இதுக்கு மேல ஒருத்தனும் இழுக்கப்படாது."